வேனிற் காதலும் வீட்டு அறமும்

வீட்டார் அறியாத காதல்; அதனை அறிந்து ஊரார் தூற்றும் பழி; வரவர இறுகும் காவல்; ஒரு வேனிற் காலத்தில் மகள் காதலனோடு புறப்பட்டுப் போதல்; அதன்பின் தாயின் அழுகை. இளைஞர்க்கென இன்று எழுதப்படும் காதல் நாவல்கள் பலவற்றின் கதை இவ்வளவே. அந்நாவல்களில் கதை காதலரோடு போய்விடுகிறது, வீடு பின்தங்கிவிடுகிறது. பெற்றோர் தடையாகவோ பகையாகவோ நின்று, முடிவில் மனம் மாறி வாழ்த்துவதற்காக மட்டும் திரும்ப வருகின்றனர். இதே கதையைச் சங்கப் புலவர் ஒருவர் முப்பது சிறு பாடல்களில் பாடியிருக்கிறார். ஆனால், காதலர் சென்ற வழியைவிட அவர்கள் விட்டுச் சென்ற வீடே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

அப்புலவர் ஓதலாந்தையார், நூல் ஐங்குறுநூறு. மூன்றடி முதல் ஆறடி வரை அமைந்த 500 பாடல்களைத் திணைக்கு நூறாக ஐவர் பாடினர். மருதம் ஓரம்போகியாருக்கும், நெய்தல் அம்மூவனாருக்கும், குறிஞ்சி கபிலருக்கும், பாலை ஓதலாந்தையாருக்கும், முல்லை பேயனாருக்கும் உரியவை. தொகுத்தவர் கூடலூர் கிழார். ஏட்டிலிருந்து ஆராய்ந்து 1903ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பாலைக்குரிய நூறு பாடல்கள் 301 முதல் 400 வரை அமைந்தவை. அவற்றுள் இறுதி மூன்று பத்துகளும் உடன்போக்கைப் பற்றியன. மகள் போனபின் தாய் புலம்புவது 'மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து'. வழியில் நிகழ்வன கூறுவது 'உடன்போக்கின்கண் இடைச்சுரத்து உரைத்த பத்து'. மீண்டு வருவதைப் பாடுவது 'மறுதரவுப் பத்து'.

வகுப்பறையில் இவை பெரும்பாலும் தனித்தனிப் பாடல்களாகவே வந்து போகின்றன. துறை இன்னது, கூற்று இன்னாருடையது, உவமை இது என்று குறிப்பெழுதி மாணவர் மனப்பாடம் செய்துகொள்கின்றனர். முப்பதையும் ஒருசேர வைத்துப் படிப்பவர்க்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். அது 'அறம்' என்னும் சொல். தாயும் அச்சொல்லைச் சொல்கிறாள், மகளும் சொல்கிறாள், அயலாரும் சொல்கின்றனர். ஒவ்வொருவர் வாயிலும் அதன் பொருள் மாறுகிறது. இப்பிரிவில் அறம் யார் பக்கம் நின்றது என்பதே ஓதலாந்தையார் எழுப்பும் வினா. காதல் அவ்வினாவுக்குத் தொடக்கமே அன்றி முடிவு அன்று.

பாலையும் பருவமும்

பாலைக்குப் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். பின்பனியும் பாலைக்கு உரித்து என்பர் தொல்காப்பியர். ஆயினும் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் வடிவமே பாலை என்று இளங்கோவடிகள் விளக்கினார். இவ்விளக்கம் நிலத்திற்கு மட்டும் உரியதன்று. உடன்போக்கு நிகழ்ந்த வீடும் வேறொரு வீடு அன்று. நேற்று வரை பந்தும் பாவையும் கிளியுமாய் இருந்த அதே வீடு, வெம்மை ஏறி இயல்பு திரிந்து நிற்கிறது. மழை பெய்தால் பாலை மீண்டும் குறிஞ்சியாகும். வீட்டுக்கு எது மழை என்பதைத்தான் முப்பது பாடல்களும் தேடுகின்றன.

ஆண்டு முழுதும் மழை பெய்யும் மலேசியாவில் வேனிலின் கொடுமையை மாணவர்க்கு உணர்த்துவது எளிதன்று என்று ஆசிரியர் சிலர் கருதலாம். நெகிரி செம்பிலான் மாநிலத்து ஆசிரியர்க்கு அக்கவலை வேண்டா. மழை குறைந்த பகுதி என்று பெயர் பெற்ற ஜெலுபு இம்மாநிலத்தில்தான் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்பதை அறிவர். நிழல் இருந்த நிரைகளில் வெயில் நேரே இறங்கும். காலடியில் சருகு நொறுங்கும். பாலின் அளவு குறையும். அதனோடு வீட்டு வருவாயும் குறையும். குறுந்தொகையின் ஏழாம் பாடலில் பெரும்பதுமனார், காற்றில் வாகை நெற்று ஒலிக்கும் காட்டு வழியைக் காட்டுகிறார். வாகையைக் கண்டறியாத மாணவனும் வெயிலில் ரப்பர்க்காய் வெடித்துத் தெறிக்கும் ஓசையைக் கேட்டிருப்பான். பாலையை அவனுக்குக் காட்ட அதுவே போதும்.

அதே பாடலில் வழிப்போக்கர் கண்ட காட்சி இங்கே நினைக்கத்தக்கது. இளைஞன் காலில் கழல் இருக்கிறது. பெண்ணின் காலில் சிலம்பு இருக்கிறது. சிலம்பு கழி நோன்பு மணத்தை ஒட்டிச் செய்யப்படுவது. சிலம்பு இன்னும் இருக்கிறது என்றால் மணம் இன்னும் நிகழவில்லை என்பது பொருள். கண்டவர்கள் அவர்களைப் பழிக்கவில்லை, இரங்குகின்றனர். இச்சிலம்பே ஐங்குறுநூற்றில் இரு வீடுகளின் வழக்காகப் பின்னர் எழுகிறது.

தாயின் பத்து

தாயிரங்கு பத்தின் முதற் பாடல் (371) படிப்போரை வியக்க வைக்கும். மகள் போய்விட்டாள் என்றறிந்த தாயின் வாயில் முதலில் வருவது சாபம் அன்று, வாழ்த்து. மலையில் மழை பொழிந்து, மயில்கள் ஆட, அவள் செல்லும் சுரம் இனிதாகட்டும் என்கிறாள். அதனோடு நில்லாமல், தன் மகள் இதுவே அறநெறி எனத் தெளிந்து சென்றாள் என்றும் கூறுகிறாள். மகளின் செயலை அறம் என்று முதலில் ஒப்புக்கொள்பவள் தாயே.

ஒப்புக்கொண்ட அறிவு ஒருபுறம் இருக்க, நெஞ்சம் அதற்கு உடன்படவில்லை. அடுத்த பாடலில், ஊர் பழி தூற்றப் போன மகள் தன்னையும் ஒருகணம் நினைத்தாளோ என்று ஏங்குகிறாள். அதற்கடுத்த பாடலில் (373) இளைஞனின் தாயைச் சபிக்கிறாள். நினைக்குந்தோறும் கலங்கியழும் துன்பத்தை அவளும் அடையட்டும் என்பது அச்சாபம். தன்னைப் போன்ற இன்னொரு தாயின் மீதே முதற் சினம் பாய்கிறது. வீட்டுப் பூசல்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. பிள்ளைகள் செய்ததற்கு வளர்ப்பைக் குறை கூறுவதும், அவ்வளர்ப்பைப் பெண்கள் தலையில் சுமத்துவதும் இன்றும் காண்பவை.

இச்சாபப் பாடலின் உள்ளே ஒரு காட்சி இருக்கிறது. புலியின் பிடிக்குத் தப்பிய முதிய கலைமான் தன் பிணையை அருகே வரும்படி குரல் கொடுத்து அழைக்கிறது. வாய் சபிக்க, காட்டுவதோ துணையைக் காக்கும் ஆண்மானை. தாயின் சினத்தினடியில் 'அவன் அவளைக் காப்பான்' என்ற நம்பிக்கை ஒளிந்திருப்பதைப் புலவர் சொல்லாமற் சொல்கிறார். உரைகாரர் இறைச்சி என்று கூறுவதன் பயன் இத்தகைய இடங்களில்தான் மாணவர்க்கு விளங்கும்.

மகளின் இளமையையும் தாய் மறக்கவில்லை. முடித்துக் கட்டுவதற்குப் போதிய அளவு கூட இன்னும் வளராத கூந்தலை உடையவள் என்று ஒரு பாடல் (374) சொல்கிறது. அவள் விளையாடிய பாவையும் கிளியும் பூவையும் கண்ணில் படுந்தோறும் தாய் கலங்குகிறாள் (375). பந்தையும் பாவையையும் கழங்கையும் எங்களுக்கென்று விட்டுச் சென்றாள் என்கிறாள் (377). இவை வெற்று அழுகைப் பொருள்கள் அல்ல. சிறுமியாகவே எண்ணி வந்த மகள், எப்போது பெண்ணானாள் என்பது தாய்க்குத் தெரியாது போயிற்று. அந்த அறியாமையின் சான்றுகளாகப் பந்தும் பாவையும் கிடக்கின்றன. இடையே விதியைச் சபிக்கிறாள் (376). அறமில்லாத அவ்விதி காட்டுத்தீயில் எரிவதுபோல் எரியட்டும் என்கிறாள். முதற்பாடலில் மகளிடம் இருந்த அறம், ஐந்து பாடல்கள் கழிவதற்குள் விதியிடம் இல்லாத பொருளாகிவிட்டது.

பத்தின் சிகரம் அதன் இறுதிப் பாடல் (380). தாய் என்ற பெயரை மட்டுமே நான் சுமந்தேன். அவளைக் கொடுத்தவர்கள் அவளுடைய தோழியரே என்று தாய் கூறுகிறாள். மகளைக் 'கொடுத்தல்' பெற்றோர் உரிமை. கொடுப்போர் இல்லாமலும் உடன்போக்கில் கரணம் உண்டு என்று தொல்காப்பியம் விதி செய்து வைத்தது. அவ்விதிக்கு இத்தாய் ஒரு திருத்தம் சொல்கிறாள்: கொடுப்போர் இல்லாமல் இல்லை, கொடுத்தவர் வேறு. மகளின் நெஞ்சை அறிந்தவர்கள் தோழியர், அறியாதவள் பெற்றவள். தன்மேல் தானே கூறிக்கொள்ளும் இக்குற்றம், பழைய தமிழில் தாய் ஒருத்தி பேசிய மிகக் கசப்பான உண்மைகளுள் ஒன்று.

இதனைத் தோட்டப்புறத்து ஆசிரியர் விளக்க வேண்டுவதில்லை, எடுத்துக்காட்டினாலே போதும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்துக் கொட்டகையில் ஊற்றிவிட்டுத் திரும்பும் தாய்க்கு மகளோடு பேசக் கிடைத்த நேரம் எவ்வளவு? லயத்து வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டியிருந்தது. அலர் என்பதற்கு அங்கே உரை வேண்டா. ஊர் அறிந்ததை வீடு கடைசியில் அறிந்த கதைகள் எத்தனையோ. இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்பு மனைகளாகிவிட்டன. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பகாவுக்கும் பெயர்ந்து, வேறு வேலைகளில் நேரமில்லாமல் உழல்கின்றன. இடம் மாறியது, 380ஆம் பாடல் மாறவில்லை.

வழியில் சொன்னவை

இரண்டாம் பத்தில் காட்சி சுரத்திற்கு மாறுகிறது. நெல்லிக்காயைத் தின்று, மரத்தின் கீற்று நிழலில் அமர்ந்திருக்கும் இருவரைக் கண்டோர் இரங்குகின்றனர் (381). காதலின் இன்பத்தைக் காட்ட இக்காட்சி ஒன்றே புலவர்க்குப் போதுமானதாயிற்று. மிகுதியை அவர் செய்திகளுக்கு விட்டுவிடுகிறார். இப்பத்தின் உயிர், போகிற வழியிலிருந்து தலைவி வீட்டிற்கு அனுப்பும் இரண்டு செய்திகளில் இருக்கிறது.

ஒன்று, எதிர்வரும் அந்தணர் வழியாகத் தோழியர்க்கு அனுப்புவது (384). அதில் கனிவு இருக்கிறது. தாய் விரும்பி வளர்த்த அழகு குன்றாமல் அரிய வழியைக் கடந்தாள் என்று சொல்லச் சொல்கிறாள். மற்றொன்று தாய்க்கு அனுப்புவது (385). தேரேறி, மலை பின்னிட, சுரம் பல கடந்து போனாள் என்று சொல்லுங்கள், என்னை இழந்திருக்கும் அந்த அறமில்லாத தாய்க்கு என்கிறாள்.

தாய் மகளிடம் அறம் கண்டாள். மகள் தாயிடம் அறம் காணவில்லை. இளமையின் கொடுமை இதுவே. வீட்டை விட்டு வெளியேறும் பிள்ளைக்குத் தன் செயல் நேர்மையானது என்று தோன்ற வேண்டுமானால், வீடு கொடியதாக இருந்தாக வேண்டும். இன்றைய காதல் நாவல்கள் இந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. மகளின் சொல்லையே ஆசிரியரும் நம்பிவிடுகிறார். ஓதலாந்தையார் நம்பவில்லை. தாயின் பத்தை முதலில் படித்துவிட்டு வருபவரால் 'அறமில்லாத தாய்' என்ற சொல்லை அப்படியே ஏற்க முடியாது. அதே வேளையில் மகளையும் வெறுக்க முடியாது. கடுஞ்சொல் சொல்பவளும் செய்தி அனுப்புகிறாள். முற்றும் அறுத்துக்கொண்டவள் செய்தி அனுப்ப மாட்டாள்.

தேடிச் செல்லும் செவிலியும் இப்பத்தில் வருகிறாள். அந்தணரை வினவுகிறாள், துணைவன் பாராட்டிவர அவள் மலை கடந்து போனதைக் கண்டோம் என்கின்றனர் (387). மகள் மெல்ல நடந்து சென்றாள் என்று கேள்விப்பட்டபோது, சிலம்பணிந்த அவள் அடி நிலத்தில் பொருந்தியதோ என்று மட்டும் கேட்கிறது ஒரு தாயுள்ளம் (389). அச்செய்தியில் மானம், குலம், ஊர்ப்பழி எதுவும் இல்லை. சுடுமணலும் ஒரு சிறுமியின் பாதமுமே இருக்கின்றன.

மீட்சி

மறுதரவுப் பத்தின் தொடக்கத்தில் தாய் காக்கையோடு பேசுகிறாள் (391). பசிய ஊன் கலந்த சோற்றைப் பொற்கலத்தில் சுற்றத்தோடு நீ உண்ணத் தருவேன். அவர்கள் வரும்படி கரைவாயாக என்கிறாள். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கை இன்றும் தமிழ் வீடுகளில் உண்டு. இப்பாடலின் அருமை அந்நம்பிக்கையில் மட்டும் இல்லை. 'என் மகளை வரச்செய்' என்று மட்டும் அவள் கேட்கவில்லை. அந்த இளைஞனோடு வரச்செய் என்று கேட்கிறாள். சாபத்துக்கும் இவ்வேண்டுதலுக்கும் இடையே வீட்டில் என்ன நடந்தது என்பதைப் புலவர் கூறவில்லை. கூறாத அவ்விடத்தில்தான் மனமாற்றம் நிகழ்ந்திருக்கிறது.

அறத்தை வெறுத்துப் பழித்து மெலிந்து கிடந்தவள் என்று அயலார் இத்தாயைக் குறிக்கின்றனர் (393). மகளைக் கண்டதும் அவளே, துயர் செய்த அன்பில்லாத அறமும் அருள் செய்துவிட்டது; வந்து பாருங்கள் என்று சுற்றத்தாரை அழைக்கிறாள் (394). 371இல் மகளிடம் இருந்து, 376இல் விதியிடம் இல்லாமற்போய், 385இல் தாயிடமே இல்லை என்று மறுக்கப்பட்ட அறம், 394இல் வீட்டிற்குத் திரும்புகிறது. அதற்கு அவள் தரும் அடையைக் கவனிக்க வேண்டும். அன்பில்லாத அறமாக இருந்தது, அருளியபோதே அறமாயிற்று. வீட்டுக்கு எது மழை என்ற வினாவுக்கு விடை இது.

திரும்பும் வழியில் தலைவி மீண்டும் தோழியர்க்குச் செய்தி விடுக்கிறாள் (397). செந்நாய் பன்றிக்குட்டியைக் கொள்ளாமல் விட்டுப்போகும் சுரம் என்று வழியை வருணிக்கிறாள். போகும்போது புலியின் பிடிக்குத் தப்பிய மான். வரும்போது செந்நாய் தொடாத குட்டி. காடும் அருள் கற்றுக்கொண்டது போலும்.

எனினும் பூசல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. இளைஞனின் வீட்டில் அவன் தாய் சிலம்பு கழி நோன்பு செய்கிறாள் என்று கேட்டு, பெண்ணின் தாய் சொல்லியனுப்புகிறாள் (399): சிலம்பு கழித்தலை உங்கள் வீட்டில் செய்தாலும், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தும்படி அந்தத் தாயிடம் சொன்னால் என்ன? அவள் இன்னும் அவனைப் பொய் வல்லவன் என்றே குறிப்பிடுகிறாள். ஆனால், முன்பு யாரைச் சபித்தாளோ அவளிடமே இப்போது ஒன்றைக் கேட்டுப் பெற நினைக்கிறாள். சாபம் வேண்டுகோளாக மாறியதே இந்த முப்பது பாடல்களின் பெரிய நிகழ்ச்சி. மணம் யார் வீட்டில் என்ற வழக்கை நெகிரி செம்பிலான் மாணவர் எளிதில் உணர்வர். தாய்வழி மரபைப் பேணும் அடாட் பெர்ப்பாத்தே வழக்கில் மணமகன் பெண்ணின் சுற்றத்தாரிடம் சென்று வாழ்தல் இம்மாநிலத்து மலாய்க்காரர் மரபு. இரு குலங்கள் சேரும்போது எந்த வாசலில் சேர்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மக்களும் ஒரு விடை வைத்திருக்கின்றனர். ஐங்குறுநூற்றுத் தாய்க்குக் கிடைத்த விடை என்ன என்பது கூறப்படவில்லை.

இறுதிப் பாடல் (400) வேனிலிலேயே முடிகிறது. ஆனால் இது உணவு மலிந்த வேனில். வீரரைத் தழுவும் மகளிர் போல மரவ மரத்தைக் கொடிகள் தழுவி அசைகின்றன. இன்று அவனோடு அவள் வீடு புகுவாள் என்று தூது வந்திருக்கிறது. பருவம் மாறவில்லை. அதே வெயில், அதே வழி. வீடு மாறியிருக்கிறது.

குறைகள்

இப்பாடல்களை ஒரு காப்பியம்போல நிரல்படக் கோத்துக் காட்டுவது மிகையாகும். 394இல் வந்துவிட்டவள் 397இல் வழியில் இருக்கிறாள். 400இல் வருகிறாள் என்று தூது வருகிறது. ஒவ்வொரு பத்தும் ஒரு நிலைமையைப் பல கோணங்களில் நின்று பார்ப்பது, கதையாக ஓடுவதன்று. துறைக் குறிப்புகளின் துணையின்றி, கூற்றுக்குரியவர் யார் என்பதைப் பல இடங்களில் துணிய முடியாது.

மற்றொரு குறை பெரிது. முப்பது பாடல்களிலும் தந்தையின் குரல் இல்லை. தந்தையும் தமையன்மாரும் களவைக் குறிப்பால் உணர்வர் என்பது தொல்காப்பிய மரபு. அதனால் அவர்கள் பேசுவதில்லை. வாழ்க்கையில் வீட்டுப் பூசலின் பெருஞ்சினம் அவர்களிடமிருந்தே வருவது. அச்சினத்தை மரபு மறைத்துவிட்டது. தாயின் துயரம் அதனால் தூய்மையாகவும் எளிதாகவும் நிற்கிறது. தலைவனும் வேலும் கழலும் உடைய காளையாகவே வந்து போகிறான். அவன் நெஞ்சம் அதிகம் திறக்கப்படவில்லை. இவற்றை மாணவர்க்கு மறைக்காமல் சொல்லுதல் வேண்டும்.

வகுப்பறையில்

வளரும் பருவத்து மாணவர்க்கு உடன்போக்கைக் கற்பிப்பது தகுமோ என்று தயங்கும் ஆசிரியர் உண்டு. தயக்கம் நியாயமானதே. ஆனால் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்து, இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் காதற்கதைகளைப் படிக்காமல் இருக்கப் போவதில்லை. பெற்றோரைப் பகைவராகக் காட்டும் கதைகள் அவர்கள் கைக்கு எளிதில் எட்டும். தாயின் பத்தும் மகளின் செய்தியும் ஒருங்கே அமைந்த கதையை ஆசிரியர் எடுத்துத் தந்தாலன்றி அவர்கள் காணமாட்டார்கள்.

பாடலின் காலம் வேறு, இன்றைய சட்டம் வேறு என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். பொய்யும் வழுவும் தோன்றியபின் பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியம் கூறுகிறது. அத்தகைய காப்பே மலேசியாவில் 1976இல் இயற்றப்பட்டு 1982 முதல் நடப்பில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டம். பொதுவாகத் திருமண வயது 18. 21 வயது நிரம்பாதவர்க்குப் பெற்றோர் இசைவு வேண்டும். முடி கட்டும் அளவுக்குக் கூந்தல் வளராத பெண்ணின் கதையைப் படிக்கும் மாணவிக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

படிக்கும் முறையையும் மாற்றிக் கொள்ளலாம். 373ஐயும் 399ஐயும் அடுத்தடுத்து வைத்து, ஒரே தாய் இன்னொரு தாயைப் பற்றி என்ன சொன்னாள், பின்பு என்ன கேட்டாள் என்று வினவலாம். 371ஐயும் 385ஐயும் வைத்து, அறம் என்று தாய் சொன்னதும் மகள் சொன்னதும் ஒன்றா என்று கேட்கலாம். 380ஐ வைத்து, தோழியர்க்குத் தெரிந்தது தாய்க்கு ஏன் தெரியவில்லை என்று எழுதச் சொல்லலாம். கடைசி வினாவுக்கு மாணவர் எழுதும் விடைகளை ஆசிரியர் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கலாகாது. அவ்விடைகளில் அவர்கள் வீடுகள் இருக்கும்.